சிம்ஸின் தன்வரலாறும் பேசாத மூவரும்

1

தன்வரலாறு எழுதுவோர் தம்மைப் பற்றி மாத்திரம் எழுதுவதில்லை. தம் வாழ்க்கையிற் குறுக்கிட்ட பிறரையும், தமக்கு வேண்டிய அளவிலும் தமக்கு வேண்டிய வகையிலும் எழுதிச் செல்கின்றனர். அப்பிறரும் தம் கூற்றை எழுதிவைக்கும் வாய்ப்பினைப் பெற்றவராயின் இரண்டினையும் ஒப்புநோக்கி உண்மை காணலாம். அவ்வாய்ப்பு அறவே மறுக்கப்பட்டவராயின், அவர்களைப் பற்றி எஞ்சி நிற்பது எழுதியவரின் கூற்று ஒன்றே. அத்தகையதொரு நூலை எவ்வாறு வாசிப்பது என்பது திறனாய்வு எதிர்நோக்கும் கடினமான பிரச்சினைகளுள் ஒன்றாகும். அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் (1813–1883) எழுதி, அவர் மறைந்த மறு ஆண்டில் அவர்தம் மகனாற் பதிப்பிக்கப்பெற்ற ‘என் வாழ்க்கைக் கதை’ என்னும் நூல் இப்பிரச்சினையை மிகக் கூர்மையாக எழுப்புகின்றது.

சிம்ஸ் மகளிர் மருத்துவத்தின் தந்தை எனப் பல்லாண்டு காலம் போற்றப்பட்டவர். அப்புகழுக்கு அடிப்படையாய் அமைந்தது பிரசவத்தால் நேரும் ஒரு காயத்திற்கு அவர் கண்ட சத்திரசிகிச்சையாகும். பிரசவம் தடைப்பட்டு இரண்டு மூன்று நாள்கள் நீளுமிடத்து, குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்போடு மென்றசைகளை இடைவிடாது அழுத்துகின்றது. அழுத்துண்ட பகுதிக்கு இரத்தம் செல்லாமையால் அத்தசை இறந்து, சில நாள்களிற் கழன்று விழுகின்றது. சலப்பைக்கும் யோனிவழிக்கும் இடையில், சிலவேளைகளில் மலக்குடலுக்கும் யோனிவழிக்கும் இடையில், துவாரம் விழுகின்றது. பெரும்பாலும் குழந்தையும் இறந்தே பிறக்கும். அதன்பின் அப்பெண்ணின் சிறுநீர் இரவும் பகலும் அவள் வசமின்றிக் கசிந்தவண்ணம் இருக்கும். மருத்துவர் இதனைப் பிஸ்ரியூலா என்பர். உரிய வேளையில் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் வசதியுள்ள நாடுகளில் இக்காயம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவ்வசதியற்ற ஆபிரிக்க, தெற்காசியக் கிராமங்களில் இன்றும் உளது. எனவே இது வறுமையின் காயமென்பதும் பொருந்தும்.

இக்காயத்துடன் வாழ்ந்த மூன்று பெண்களின் உடல்களிலேயே சிம்ஸ் தம் சிகிச்சையைக் கண்டறிந்தார். அனார்க்கா, பெற்சி, லூசி என்போர் அம்மூவர். மூவரும் அலபாமா மாநிலத்து அடிமைகள். மூவரும் இருபது வயது நிரம்பாதவர். அவர்கள் எழுதியதாக ஒரு வரியும் இல்லை. இருத்தற்கும் இடமில்லை. அடிமைகளுக்கு எழுத்தறிவித்தலை 1832ஆம் ஆண்டிலேயே அலபாமா சட்டத்தினாற் குற்றமாக்கிவிட்டது. ஆகவே அவர்களது மௌனம் அவர்களுடைய இயல்பன்று. அது அரசொன்றினால் ஆக்கப்பட்டது. சிம்ஸின் நூலை அணுகும் எவரும் இவ்வுண்மையினின்றே தொடங்குதல் வேண்டும்.

2

நூல் தரும் செய்தி வருமாறு. 1845ஆம் ஆண்டு, மொன்ற்கொமரி நகருக்கு அண்மையிலிருந்த தோட்டமொன்றில் அனார்க்கா என்னும் பதினேழு வயதுப் பெண் மூன்று நாள்களாகப் பிரசவ வேதனையில் இருந்தாள். அழைக்கப்பட்ட சிம்ஸ் குறடு கொண்டு குழந்தையை எடுத்தார். அக்கருவியைக் கையாள்வதில் தமக்கு அனுபவம் குறைவென்பதை அவர் மறைக்கவில்லை. சில நாள்களில் அவளது தசைகள் கழன்று, சிறுநீரும் மலமும் அடக்கவியலாத நிலை உண்டாயிற்று. இது தீராத நோய் என அவளுடைய எசமானிடம் சிம்ஸ் கூறினார். அடுத்துப் பெற்சி அனுப்பப்பட்டாள். அவளுக்கும் அதுவே விடை. பின்னர் லூசியை அனுப்ப விரும்பிய எசமானுக்கு, அனுப்புதல் வீண் என்று சிம்ஸ் கடிதம் எழுதினார். எனினும் அவள் அனுப்பப்பட்டாள். குணமடையும் நம்பிக்கையோடு வந்தவள் தன்னால் ஆவதொன்றில்லை என்று கேட்டு ஏமாற்றமுற்றாள் என நூல் குறிப்பிடுகின்றது.

லூசி திருப்பியனுப்பப்பட இருந்த வேளையிலேதான் கதை திசைமாறுகின்றது. குதிரையிலிருந்து வீழ்ந்து கருப்பை இடம்பெயர்ந்த வேறொரு பெண்ணைப் பார்க்கச் சென்ற சிம்ஸ், அவளை முழந்தாளிட்டுக் குனியச் செய்தபோது காற்றின் அமுக்கத்தினால் யோனிவழி விரிவதைக் கண்டார். உடனே கடையொன்றில் ஈயக்கலவைக் கரண்டியொன்றினை வாங்கிக்கொண்டு திரும்பி, பெற்சியை அதே நிலையில் இருத்தி, கரண்டியின் காம்பினை வளைத்துச் செலுத்திக் காயத்தை முழுமையாகக் கண்டார். இதன்பின் அவர் எசமானர்களுடன் ஓர் உடன்பாடு செய்தார். பெண்களை உணவளித்துப் பேணுவது அவர் பொறுப்பு. வரியும் உடையும் எசமானர் பொறுப்பு. அடிமைகளுக்கென அவர் வைத்திருந்த வைத்தியசாலைக்கு மேல்மாடியும் கட்டப்பட்டது.

முதலிற் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டவள் லூசி. பன்னிருவரளவில் வைத்தியர்கள் சூழ்ந்து நிற்க, ஒரு மணிநேரம் முழந்தாளிலிருந்து மயக்கமருந்தின்றி அவள் அதனைத் தாங்கினாள். சிறுநீரை வெளியேற்ற வைக்கப்பட்ட கடற்பஞ்சு நஞ்சூட்டியதால் மரணத்தின் விளிம்பிற்குச் சென்று, தேறுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் எடுத்தாள். இவ்வாறு நான்கு ஆண்டுகள் கழிந்தன. ஈற்றில் 1849ஆம் ஆண்டு, வெள்ளிக் கம்பியாற் செய்த தையலுடன் அனார்க்காவின் காயம் மூடிற்று. அது அவள் உடலிற் செய்யப்பட்ட முப்பதாவது சத்திரசிகிச்சை. மற்றை இருவரும் அடுத்த இரு வாரங்களிற் குணமடைந்தனர் என்று கூறிவிட்டு நூல் சிம்ஸின் வாழ்க்கையைத் தொடர்ந்து செல்கின்றது. அம்மூவரும் எங்குச் சென்றனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பன அதற்கு வேண்டியனவல்ல.

3

செய்திகள் இவை. இவற்றை நூலாசிரியர் கோத்துள்ள முறையே திறனாய்வுக்கு உரியது. உருவமும் உள்ளடக்கமும் பிரிக்கவியலாதன என்பது பலகாற் கூறப்பட்ட உண்மை. அவ்வுண்மை இலக்கியம் எனக் கொள்ளப்படாத எழுத்துகளுக்கும் ஏற்புடைத்தென்பதை இந்நூல் காட்டுகின்றது.

முதலாவதாக நோக்கத்தக்கது, தீராதென்னும் தீர்ப்பு யாரிடம் கூறப்படுகின்றது என்பதாகும். அனார்க்காவைப் பற்றிய முடிவு அனார்க்காவிடம் கூறப்படவில்லை; அவளது சொந்தக்காரரிடம் கூறப்படுகின்றது. 1808ஆம் ஆண்டுடன் அமெரிக்காவுக்குள் அடிமைகளைக் கொண்டுவருதல் தடைசெய்யப்பட்டமையால், அடிமைப் பெண்களின் மகப்பேறே எசமானர்களின் உடைமையைப் பெருக்கும் வழியாயிற்று. பிள்ளை பெறவும் தோட்டத்தில் உழைக்கவும் இயலாதவள் நட்டத்திற்குரிய பொருள். ஆகவே வைத்தியருக்கும் எசமானுக்குமிடையே நிகழ்ந்த உரையாடலில் அவளது நோய் ஒரு சொத்தின் பழுதாகப் பேசப்பட்டது. இப்பெண்கள் புறக்கணிக்கப்பட்டமைக்கு மருத்துவ அறிவின் குறைபாடு ஒரு காரணம் எனலாம். அக்காலத்தில் இக்காயத்திற்கு நம்பத்தகுந்த மருந்து இருக்கவில்லை. ஆயின், தன் உடலைப் பற்றிய முடிவைத் தானே கேட்கும் உரிமைகூட அற்றிருந்தமை அறிவின் குறைபாடன்று. அது சமூக உறவின் விளைவு.

இரண்டாவது, கதையின் இயக்கம் எவரது அறிவினால் நிகழ்கின்றது என்பதாகும். காயத்துடன் வாழ்பவளுக்கு அதனைப் பற்றி ஓர் அறிவு உண்டு. எந்த நிலையிற் படுத்தாற் கசிவு குறையும், எவ்வளவு நேரம் நடக்கலாம், எத்தனை துணி வேண்டும், எவரெவர் விலகி நிற்பர் என்பனவெல்லாம் அவள் அறிவாள். நான்காண்டுக் கதையில் இவற்றுள் ஒன்றேனும் இடம்பெறவில்லை. நாற்றமும் அருவருப்பும் மீண்டும் மீண்டும் குறிப்பிடப்படுகின்றன. நாற்றம் என்பது அருகில் நிற்பவனுடைய அனுபவம். காயமுற்றவளின் அனுபவம் வேறு. அங்கு நூலாசிரியரின் நோக்குநிலை செல்லவே இல்லை. கண்டவர் என்ற நிலையிலேதான் அவர் நூல் முழுவதிலும் நிற்கின்றார். கரண்டிக் காம்பினூடாகக் கண்ட காட்சியே கதையின் உச்சம். காணப்பட்டவள் அவ்வேளை எதனை உணர்ந்தாள் என்ற வினாவே எழுவதில்லை.

இவ்விடத்து ஒரு மறுப்புக் கூறப்படலாம். 19ஆம் நூற்றாண்டு வைத்தியர் ஒருவர் நோயாளியின் அகவுணர்வை எழுத வேண்டுமென எதிர்பார்ப்பது மிகையன்றோ? நோயின் வேதனையை உள்ளிருந்து கூறும் எழுத்துமுறை அக்காலத்து மருத்துவருக்குப் பழக்கமன்று எனலாமே? இம்மறுப்பிற்கு விடை அதே நூலினுள் இருக்கின்றது. 1849இன் வெற்றிக்குப் பின்னர் சிம்ஸ் தீராத வயிற்றோட்டத்தினாற் பீடிக்கப்பட்டார். ஆண்டுக் கணக்காக நீடித்த அந்நோயை அவர் விரிவாக எழுதுகின்றார். எவ்வூரின் நீர் ஒத்துக்கொண்டது, எவ்வுணவு ஒவ்வவில்லை, உடல் எவ்வாறு மெலிந்தது, மரணபயம் எவ்வாறு தொடர்ந்தது, நியூயோர்க்கிற்குக் குடிபெயர 1853இல் ஏன் நேர்ந்தது என்பனவெல்லாம் உள்ளிருந்தே கூறப்படுகின்றன. அடக்கவியலாத உடலோடு வாழ்தலின் துன்பத்தை எழுத இந்நூலாசிரியருக்கு மொழி இருந்தது, பொறுமை இருந்தது, வாசகர் அதனைக் கேட்பர் என்னும் உறுதியும் இருந்தது. அவை யாவும் ஓர் உடலுக்கு மாத்திரமே வழங்கப்பட்டன. ஆகவே இது காலத்தின் எல்லையன்று. நூலாசிரியரின் கருத்துநிலை வகுத்த எல்லையாகும்.

மூன்றாவது, வேதனை பற்றிய முரண்பாடாகும். லூசி பெருந்துணிவுடன் தாங்கினாள் என்று தன்வரலாறு போற்றுகின்றது. 1857ஆம் ஆண்டு நியூயோர்க் மருத்துவக் கழகத்தில் ஆற்றிய உரையிலும் இப்பெண்களின் மனவுறுதிக்கு உலகம் கடப்பட்டுள்ளது என்ற கருத்தை சிம்ஸ் வெளியிட்டார். ஆனால் அதே உரையில், இச்சிகிச்சை மயக்கமருந்தின் சிரமத்தையும் ஆபத்தையும் ஏற்கவேண்டிய அளவிற்கு வேதனை தருவதன்று என்றும் கூறினார். ஈதரின் பயன் 1846 ஒக்ரோபரிலேயே பொஸ்ரன் நகரிற் செய்து காட்டப்பட்டுவிட்டது. வேதனை சிறிதாயின் துணிவு ஏன் போற்றப்படல் வேண்டும்? துணிவு பெரிதாயின் வேதனை எவ்வாறு சிறிதாகும்? புகழ்ச்சியும் புறக்கணிப்பும் ஒன்றையொன்று விலக்குவன என்பது பொதுவான எண்ணம். இங்கு அவை ஒரே வாயிலிருந்து ஒரே வேளையில் வருகின்றன. தாங்குந்திறன் மிக்கவள் என்று ஒருத்தியைப் புகழ்தல், அவளது வேதனையைப் பொருட்படுத்தாமைக்கு வசதியானதொரு காரணமாகவும் அமையக்கூடும்.

4

இவ்வளவும் கூறியபின்னர், நூலாசிரியர் தம் நோக்கத்திற்கு மாறாக வெளியிட்டுவிடும் ஒரு செய்தியைக் குறிப்பிடாவிடின் நூலுக்கு நியாயம் செய்ததாகாது. தோல்விகள் பெருகப் பெருக, தொடக்கத்திற் சூழ்ந்து நின்ற வைத்தியர்கள் ஒவ்வொருவராய் விலகினர். மைத்துனராகிய வைத்தியரும் இம்முயற்சியைக் கைவிடுமாறும் குடும்பத்தை எண்ணிப் பார்க்குமாறும் வற்புறுத்தினார். அந்நிலையில், நோயாளர்களிடம் தாம் நம்பிக்கையூட்டியிருந்தமையால் ஈற்றில் அவர்களுடைய உதவியுடனேயே சத்திரசிகிச்சைகளைச் செய்ததாகச் சிம்ஸ் எழுதுகின்றார்.

நூலில் மிகச் சுருக்கமாக வருவதும், மிகுந்த பொருளுடையதும் இவ்விடமே. வைத்தியர்கள் சலித்து விலகியபின், அனார்க்காவின் உடலில் ஊசி செல்லும்போது அருகே நின்றவர்கள் பெற்சியும் லூசியுமாவர். பிடித்தும் கருவிகளை நீட்டியும் பின்னர்ப் பராமரித்தும் அவர்கள் ஒரு தொழிலைக் கற்றனர். அக்காலத்தில் உலகிலேயே மிகச் சிலருக்குத் தெரிந்திருந்த ஒரு தொழில் அது. சிம்ஸ் இதனைத் தம் நம்பிக்கையின் எதிரொலியாகக் காட்ட முனைகின்றார். தமக்கு நம்பிக்கை இருந்தமையாலேயே அவர்களுக்கும் இருந்தது என்பது அவர் விளக்கம். ஆனால் செய்தி அவ்விளக்கத்தினும் பெரிது. நோயாளர் எனப்பட்டோர் அறிவுடையோராயினர். டெயட்ரி கூப்பர் ஓவென்ஸ் என்னும் வரலாற்றாசிரியை 2017இல் வெளியிட்ட ஆய்வுநூல் அடிமைப் பெண்களை வெறும் சோதனைப் பொருள்களாக மாத்திரமன்றி, இத்துறையின் உருவாக்கத்திற் பங்குகொண்ட மருத்துவத் தாதியராகவும் நோக்குமாறு வேண்டுகின்றது. சிம்ஸின் நூலில் அவ்வாசிப்புக்கான சான்று கிடைக்கின்றது. நூலாசிரியர் அதனை வளர்த்தெடுக்கவில்லை என்பதே குறை.

சிம்ஸ் பற்றிய விவாதம் நெடுங்காலமாக இரு துருவங்களில் நிகழ்கின்றது. ஒருசாரார் அவரை ஈவிரக்கமற்ற சோதனையாளர் என்பர். மற்றொரு சாரார், குறிப்பாக, தாமும் பிஸ்ரியூலா சிகிச்சையில் ஈடுபட்ட லூயிஸ் வோல் 2006இல் எழுதிய கட்டுரையில், இப்பெண்கள் சிகிச்சையை விரும்பியிருத்தல் கூடும், மயக்கமருந்து அன்று புதிதும் ஆபத்து நிறைந்ததுமாகும், இன்றைய அளவுகோலால் அன்றைய மனிதரை அளத்தல் தகாது என வாதிட்டனர். இரண்டாம் சாராரின் கூற்றில் ஓர் உண்மை உண்டு. இடைவிடாது சிறுநீர் கசிய வாழும் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி குணமடைய விரும்பாதிருப்பாளா? ஏமாற்றமுற்ற லூசி அதற்குச் சான்று. ஆயின் விருப்பம் வேறு, இசைவு வேறு. மறுக்கும் உரிமை உள்ளவரின் இசைவே இசைவு எனப்படும். லூசி மறுத்திருப்பின் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதற்கு நூலில் விடையில்லை. அக்கேள்வி அங்கு எழ முடியாது. முதற்சாராரின் கூற்றிலும் குறையுண்டு. கொடுமையை மாத்திரம் கூறுமிடத்து அம்மூவரும் மீண்டும் வெறும் உடல்களாகின்றனர். சிம்ஸின் நூல் செய்ததை அவரை வெறுப்போரும் வேறொரு வகையிற் செய்துவிடுகின்றனர்.

சிலைகளின் வரலாறும் இவ்விவாதத்தின் ஒரு பகுதியே. 1894இல் நியூயோர்க்கில் நாட்டப்பட்ட சிம்ஸின் சிலை 2018 ஏப்ரிலில் அகற்றப்பட்டது. 2021இல் மொன்ற்கொமரியில் மிஷெல் பிரௌடர் என்னும் கலைஞர் அனார்க்கா, பெற்சி, லூசி மூவருக்கும் உலோகத்தாற் சிலைகள் எழுப்பினார். சிலையை மாற்றுதல் எளிதன்று. எனினும் கதைக்கூற்றை மாற்றுதல் அதனினும் கடினம்.

5

கதைக்கூற்று மாறக்கூடியது என்பதற்குப் பிற்கால நூல்கள் இரண்டினைச் சுட்டலாம். கத்தரின் ஹம்லின் 2001இல் வெளியிட்ட ‘ஆற்றோர வைத்தியசாலை’ என்னும் நினைவுக்குறிப்பு நூல் அவற்றுள் ஒன்று. கணவர் ரெஜினால்ட் ஹம்லினுடன் 1959இல் எத்தியோப்பியா சென்று, 1974இல் அடிஸ் அபாபாவிற் பிஸ்ரியூலா வைத்தியசாலையை நிறுவியவர் அவர். அங்கு நோயாளியாக வந்த மமித்து காஷே என்னும் பெண், முறையான பள்ளிக் கல்வியின்றி, சத்திரசிகிச்சைக்கூடத்தில் உதவியாளராய் நின்று பழகிப் பின்னர் தாமே அச்சிகிச்சையைச் செய்யும் வல்லுநரானார். பெற்சியும் லூசியும் நின்ற அதே இடத்திலேதான் மமித்துவும் நின்றார். ஆனால் அவர்களுக்கு மூடப்பட்ட கதவு அவருக்குத் திறந்தது. ஹம்லினின் நூலும் சிகிச்சையளித்தவரின் நோக்குநிலையில் எழுதப்பட்டதே. அவ்வகையில் அதற்கும் எல்லைகள் உண்டு. எனினும் குணமடைந்தவளின் கதை அங்கு காயம் மூடியவுடன் முடிந்துவிடவில்லை. சிம்ஸின் நூலிலிருந்து அதனை வேறுபடுத்துவது இதுவேயாகும்.

மற்றையது இலக்கிய நூலன்று; பிரித்தானியாவிற் சீமாட்டி கம்பர்லெஜ் தலைமையில் அமைந்த குழு 2020 யூலையில் வெளியிட்ட, ‘முதலிற் தீங்கு செய்யாதே’ எனப் பொருள்படும் தலைப்பினைக் கொண்ட அறிக்கை. அது ஆராய்ந்த மூன்று விடயங்களுள் ஒன்று, கருப்பை இறக்கத்திற்கும் சிறுநீர்க் கசிவிற்கும் இடுப்பினுட் பொருத்தப்பட்ட செயற்கை வலை. இக்குறைபாடுகள் பல பெண்களுக்குப் பிரசவத்தின் பின்விளைவாக வருவன. வலை பொருத்தப்பட்டபின் கடும் வேதனையுற்று வைத்தியரிடம் மீண்டவர்களிற் பலருக்கு, அது மனத்தின் கற்பனை என்றும் பெண்களுக்கு இயல்பானது என்றும் விடை கிடைத்தது. 700க்கு மேற்பட்டோரைக் குழு நேரிற் சந்தித்தது. அவர்கள் கூறியதைச் சான்றாக ஏற்று, மருத்துவ அமைப்பு செவிசாய்க்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது.

இவ்வறிக்கையையும் சிம்ஸின் நூலையும் அருகருகே வைத்து வாசிக்குமிடத்து ஒன்று புலனாகும். இவ்வறிக்கையிற் பேசும் பெண்கள் அடிமைகளல்லர். எழுத்தறிவும் வாக்குரிமையும் இலவச மருத்துவமும் உடையவர்கள். மயக்கமருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது. சத்திரசிகிச்சை நுட்பமோ சிம்ஸ் கனவிலும் காணாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. இருந்தும் அவர்தம் சொல் அவர்தம் உடலைப் பற்றிய சான்றாகக் கொள்ளப்படவில்லை. ஆகவே கருவிகளின் வளர்ச்சி மட்டும் இப்புறக்கணிப்பை நீக்கிவிடாது. இருவகைப் பெண்களின் துன்பமும் ஒன்றென்பது இதன் பொருளன்று. விலைக்கு வாங்கப்பட்ட உடலின் நிலையை வேறெதனோடும் சமன்செய்தல் வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். வெவ்வேறு சமூக அமைப்புகளில், வெவ்வேறு அளவில், ஒரே வகையான செவிட்டுத்தன்மை தொடர்ந்துள்ளது என்பதே கருதத்தக்கது.

சிம்ஸின் தன்வரலாறு வாசிக்கப்படாது ஒதுக்கப்பட வேண்டிய நூலன்று. அதனை ஒதுக்கினால் அனார்க்கா, பெற்சி, லூசி என்ற பெயர்களைத் தாங்கிவந்த ஏட்டினையும் ஒதுக்கியதாகும். நூலாசிரியர் எங்கு விரிகின்றார், எங்குச் சுருங்குகின்றார் என்பதைக் கணக்கெடுத்து அதனை வாசித்தல் வேண்டும். தம் வயிற்றுநோய்க்குப் பல பக்கங்களை வழங்கியவர், முப்பது சத்திரசிகிச்சைகளைத் தாங்கிய பெண்ணின் அனுபவத்திற்கு ஒரு பக்கமும் வழங்கவில்லை. அந்த வேறுபாடே இந்நூல் கூறாமற் கூறும் செய்தி. நோயாளியின் சொல்லைக் கேளாத மருத்துவமும், அச்சொல்லின் இன்மையை உணராத வாசிப்பும் ஒரே தவறின் இரு வடிவங்களாகும். முன்னதைத் திருத்துதல் மருத்துவருக்குரிய பணி. பின்னதைத் திருத்துதல் திறனாய்வுக்குரியது.